பத்து நாணயங்களை எங்கே வைப்பது?

இந்த வருடம் வரிக் கணக்கு போட உட்கார்ந்தபோது கணக்காளர் கேட்டார்: "நன்கொடை ஏதாவது உண்டா?" நானும் என் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "ஒன்றும் இல்லை" என்றோம். அவர் அந்தக் கட்டத்தில் பூஜ்யம் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தும் மனது கேட்கவில்லை. ஒரு தாளை எடுத்து எழுதிப் பார்த்தேன். பேராவூரணிப் பக்கம் எங்கள் ஊரில் அத்தைக்குக் கண் அறுவை சிகிச்சை. ஒன்றுவிட்ட தம்பி மகளுக்கு நர்சிங் படிப்புக் கட்டணம். மாரியம்மன் கோயில் குடமுழுக்குக்குத் தலைக்கட்டு வரி. நாங்கள் படித்த பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை கட்ட ஒரு தொகை. மாமனார் சொன்னார் என்று யாருக்கோ டயாலிசிஸ் செலவு. கூட்டிப் பார்த்தால் 5,000 டாலரைத் தாண்டியது. ஆனால் அமெரிக்கக் கணக்கில் நாங்கள் ஒரு சென்ட் கூடக் கொடுக்காத குடும்பம்.

நியூ ஜெர்சியில் என்னோடு ஒரே மருத்துவமனையில் வேலை பார்க்கும் மூத்த செவிலியர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். கறுப்பினத்தவர், ஓய்வு பெறப் போகிற வயது. "எங்கள் அம்மா எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகளை வளர்த்தார். அதற்கெல்லாம் யார் ரசீது கொடுத்தார்கள்?" என்றார். அன்றைக்கு ஆரம்பித்த பேச்சுதான் இந்தக் கட்டுரை.

அமெரிக்காவில் கொடையாளி என்றால் வெள்ளைக்காரப் பணக்காரர் ஒருவர்தான் நினைவுக்கு வருவார். கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்கரும் பூர்வகுடிகளும் வாங்கிக்கொள்பவர்களாகவே படத்தில் வருவார்கள். பதிவு பெற்ற அமைப்புக்குப் போகும் பணத்தைத்தான் புள்ளிவிவரம் எண்ணுகிறது என்பதால் வந்த கோளாறு இது. அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தாலே படம் பொய்யாகிவிடுகிறது. கெல்லாக் அறக்கட்டளை 2012-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, கறுப்பினக் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கொடை கொடுக்கின்றன. தொகை ஆண்டுக்குச் சுமார் 1,100 கோடி டாலர். நாடு முழுவதும் எடுத்துக்கொண்டால், 2000-இல் 66 சதவீதக் குடும்பங்கள் கொடை கொடுத்தன. 2018-இல் அது பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது.

சரி, கொடுப்பது என்று முடிவு செய்தாயிற்று. எங்கே, எந்த வழியில்? இங்கேதான் எனக்கு ஓசியோலா மெக்கார்ட்டி துணைக்கு வந்தார்.

மிசிசிப்பி மாநிலத்தில் ஹாட்டிஸ்பர்க் என்ற ஊர். 1908-இல் பிறந்த மெக்கார்ட்டி ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் துணியைத் துவைத்து, இஸ்திரி போட்டுப் பிழைத்த கறுப்பினப் பெண். கார் கிடையாது, நடந்தே போவார். சம்பாதித்ததை வங்கியில் போட்டுக்கொண்டே வந்தார். வயதான காலத்தில் வங்கி அதிகாரி, அவருக்குப் பிறகு இந்தப் பணம் யாருக்கு என்று கேட்டார். சதவீதக் கணக்கு அவருக்கு எளிதாகப் புரியட்டும் என்று பத்து சென்ட் நாணயங்கள் பத்தை மேசையில் வைத்தார். ஒவ்வொன்றும் பத்தில் ஒரு பங்கு. மெக்கார்ட்டி ஒன்றைத் தன் தேவாலயத்துக்கு வைத்தார். மூன்று உறவினருக்கு ஆளுக்கொன்று. மீதி ஆறையும் தன் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த தெற்கு மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்கு ஒதுக்கினார். படிக்க வசதியில்லாத பிள்ளைகளுக்கு உதவித்தொகை. 1995-இல் இது வெளியே தெரிந்தபோது அந்த ஆறு நாணயத்தின் மதிப்பு 1,50,000 டாலர். அந்தப் பல்கலைக்கழகம் கறுப்பினப் பிள்ளைகளை முதன்முதலாகச் சேர்த்துக்கொண்டதே 1965-இல்தான். அப்போது மெக்கார்ட்டிக்கு வயது ஐம்பத்தேழு.

நாங்களும் சாப்பாட்டு மேசையில் பத்து நாணயம் வைத்தோம். எங்கள் கணக்கில் ஒரு நாணயம் 500 டாலர். பள்ளி இறுதி ஆண்டில் இருக்கும் மகளையும் உட்கார வைத்துக்கொண்டோம். இரண்டு ஞாயிற்றுக்கிழமை பேசியதைத்தான் கீழே எழுதுகிறேன். எங்களைப் போல ஆண்டுக்குச் சில ஆயிரம் டாலர் கொடுக்கக்கூடிய குடும்பங்களை மனதில் வைத்தே எழுதுகிறேன். கோடீஸ்வரர்களுக்கு வழி சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

முதல் வழி, இதுவரை செய்துவந்ததுதான்: உறவுக்கும் ஊருக்கும் நேராக அனுப்புவது. இதன் பெரிய பலம் வேகம். ராத்திரி போன் வந்தால் காலையில் பணம் போய்விடும். விண்ணப்பம் கிடையாது, குழு கிடையாது, நிர்வாகச் செலவும் கிடையாது. யாருக்குப் போகிறது, என்ன ஆயிற்று என்பதும் தெரியும். அமெரிக்காவில் குடியேறிய சமூகங்கள் எல்லாவற்றுக்கும் இதுதான் முதல் கொடை. மெக்சிகோக்காரர்கள் இதை இன்னொரு படி மேலே கொண்டுபோனார்கள். லாஸ் ஏஞ்சலிஸிலும் சிகாகோவிலும் ஒரே ஊர்க்காரர்கள் சங்கம் வைத்து, பணம் திரட்டிச் சொந்த ஊரில் சாலையும் குடிநீர்க் குழாயும் போட்டார்கள். சகாடெகாஸ் மாநிலத்தார் இதில் முன்னோடிகள். மெக்சிகோ அரசு 2002-இல் இதையே 'ஒன்றுக்கு மூன்று' என்று நாடு தழுவிய திட்டமாக்கியது. சங்கம் ஒரு டாலர் போட்டால் மத்திய, மாநில, நகராட்சி அரசுகள் ஆளுக்கு ஒரு டாலர் போடும். அரசு மாறியதும் மத்தியப் பங்கு நின்றுபோனது, சங்கங்கள் நிற்கவில்லை.

குறை என்ன? வரிவிலக்கு அறவே கிடையாது. தனி ஆளுக்கோ வெளிநாட்டு அமைப்புக்கோ நேராகக் கொடுப்பதை அமெரிக்க வரித்துறை நன்கொடையாக ஏற்காது. இதைவிடச் சிக்கல் இந்தியப் பக்கத்துச் சட்டம். இதைத் தெரியாமல் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். என்னிடம் இன்னும் இந்தியக் கடவுச்சீட்டு இருக்கிறது. என் கணவர் அமெரிக்கக் குடிமகன் ஆகிவிட்டார். நான் என் சம்பளத்திலிருந்து வங்கி வழியாக ஊர்ப் பள்ளி அறக்கட்டளைக்கு அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. அதே பணத்தை அவர் அனுப்பினால் ஆகிவிடும். அந்த அறக்கட்டளை எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தின் கீழ் பதிவு வைத்திருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் புது தில்லி ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் வந்து இறங்க வேண்டும். வாங்கிய அமைப்பு அதை வேறொரு அமைப்புக்குக் கைமாற்றவும் கூடாது. ஊர்ப் பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கத்திடம் இதெல்லாம் எங்கே இருக்கும்? ஒரே வீட்டில் இரண்டு கை. ஒன்று கொடுக்கலாம், இன்னொன்று கொடுத்தால் வாங்கினவர்களுக்குத் தொல்லை. உறவினருக்கு அனுப்புவதில் இந்தச் சிக்கல் இல்லை. ஆண்டுக்குப் பத்து லட்சம் ரூபாயைத் தாண்டினால் மட்டும் வாங்கியவர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அப்புறம் இன்னொன்று: 2026 ஜனவரியிலிருந்து ரொக்கமாகவோ மணி ஆர்டராகவோ கட்டி அனுப்பும் பணத்துக்கு அமெரிக்கா ஒரு சதவீத வரி போடுகிறது. வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பினால் அந்த வரி இல்லை.

இன்னொரு குறை, சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்ல வேண்டியது. நேராக அனுப்பும் பணம் நம்மைத் தெரிந்தவர்களுக்கே போகும். 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் பக்கத்துத் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்துப் போட்டபோது நாங்கள் அனுப்பிய பணம் எல்லாம் தோப்பு வைத்திருந்த உறவுக்காரர்களுக்குத்தான் போனது. அந்தத் தோப்பில் தேங்காய் வெட்டியவர்கள், மட்டை உரித்தவர்கள், கீற்று முடைந்த பெண்கள், இவர்களுடைய போன் எண் எங்களில் ஒருவரிடமும் இல்லை. இது எனக்கு இன்றும் உறுத்துகிறது. அப்போதே ஒரு பொது வசூலிலும் 300 டாலர் போட்டேன். யாருக்கு என்ன போனது என்று கணக்கு கேட்டு மூன்று முறை எழுதினேன், பதிலே வரவில்லை.

இரண்டாவது வழி, வழிபாட்டுத் தலம். என் தோழி, முன்பு சொன்ன அந்த மூத்த செவிலியர், சம்பளத்தில் பத்தில் ஒன்றைத் தேவாலயத்துக்குக் கொடுக்கிறார். முதலில் எனக்கு அது அதிகமாகப் பட்டது. அங்கே என்னவெல்லாம் நடக்கிறது என்று அவர் சொன்ன பிறகு அப்படித் தோன்றவில்லை. கறுப்பினத்தவருக்கு வங்கி, பள்ளி, காப்பீடு, மண்டபம் எல்லாமே மூடிக்கிடந்த காலத்தில் தேவாலயம் ஒன்றுதான் அவர்கள் கையில் இருந்த கட்டடம். ஜார்ஜியாவில் மோர்ஹவுஸ் கல்லூரி 1867-இல் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில்தான் தொடங்கியது. ஸ்பெல்மன் கல்லூரியும் 1881-இல் அட்லாண்டாவில் இன்னொரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில். தட்டில் விழுந்த சில்லறை பள்ளிக்கூடமாகவும் ஆனது, ஜாமீன் பணமாகவும் ஆனது, சவ அடக்கச் செலவாகவும் ஆனது.

நம் கோயில்களும் இங்கே சும்மா எழும்பவில்லை. ஐ.நா. சபையில் பணியாற்றிய அழகப்பா அழகப்பன் முன்கை எடுத்து 1970-இல் சங்கம் பதிவு செய்து, 1977-இல் நியூயார்க் ஃப்ளஷிங்கில் பிள்ளையார் கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. எங்கள் மகள் தமிழ் எழுதப் படித்ததும் ஒரு கோயிலின் கீழ்த்தளத்தில்தான். அந்தக் கடன் இருக்கிறது. இருந்தாலும் வித்தியாசத்தைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கோயிலுக்குப் போடும் பணம் பெரும்பாலும் கோபுரமாகவும் மண்டபமாகவும் திரும்பி நமக்கே வருகிறது. வேலை போனவருக்கும் விசா சிக்கலில் மாட்டியவருக்கும் வீட்டில் அடி வாங்கும் பெண்ணுக்கும் அங்கே ஒரு கதவு திறக்கிறதா என்று கேட்டால், ஒரு சில இடங்களில் ஆம், பல இடங்களில் இல்லை. வரிவிலக்கு உண்டு, ரசீது உண்டு, நம்பிக்கை உண்டு. எனவே ஒரு நாணயம் இங்கே. அதற்கு மேல் வைக்க எனக்கு மனமில்லை. அன்னதானத்துக்கு என்று எழுதிக் கொடுப்பேன்.

மூன்றாவது, அலுவலகத்தில் எல்லோரும் என் கணவருக்குச் சொன்னது: டோனர் அட்வைஸ்டு ஃபண்ட். 1931-இல் நியூயார்க்கில் தோன்றி, 1991-இல் ஃபிடெலிட்டி போன்ற முதலீட்டு நிறுவனம் இதில் இறங்கிய பிறகு பெரிதாகப் பரவியது. நம் பெயரில் ஒரு கொடைக் கணக்கு. பணமோ பங்கோ உள்ளே போட்டதும் அந்த வருடமே வரிவிலக்கு. எந்த அமைப்புக்குக் கொடுப்பது என்று பிறகு நிதானமாகச் சொல்லலாம். விலை ஏறின பங்கு கையில் வைத்திருப்பவருக்கு இது நல்ல வழி. விற்றால் வரும் லாப வரி இல்லாமலேயே முழு மதிப்பும் கொடைக்குப் போகும். செலவுக் கணக்கு காட்டாமலேயே எல்லோருக்கும் கிடைக்கும் பொது வரிக்கழிவு ஒன்று உண்டு, அதைத் தாண்டினால்தான் கொடையைத் தனியாகக் காட்டுவதில் பலன். வருடத்துக்கு 10,000 டாலர் கொடுப்பவர் நான்கு வருடத் தொகையை ஒரே வருடத்தில் போட்டு அதைத் தாண்டிவிடலாம். தம்பதிக்கு 2025-இல் அந்தக் கழிவு 31,500 டாலர்.

எங்கள் கணக்குக்கு இது ஒத்துவரவில்லை. ஃபிடெலிட்டியில் ஆண்டுக் கட்டணம் 0.6 சதவீதம் அல்லது 100 டாலர், எது அதிகமோ அது. லட்சம் டாலர் போட்டவருக்கு 600 டாலர் பெரிதல்ல. இரண்டாயிரம் போட்டவருக்கு 100 டாலர் என்பது ஐந்து சதவீதம். அத்தை கண்ணுக்கும் கொடுக்க முடியாது, ஊர்ப் பள்ளிக்கும் முடியாது. இங்கே பதிவான அமைப்புக்கு மட்டும்தான். இதையெல்லாம் விட எனக்குப் பிடிக்காதது ஒன்று உண்டு. தனியார் அறக்கட்டளை ஆண்டுக்குக் குறைந்தது ஐந்து சதவீதம் வெளியே கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. இந்தக் கணக்குகளுக்கு அப்படி ஒரு கெடுவே இல்லை. 25,000 கோடி டாலருக்கு மேல் இப்படி உட்கார்ந்திருக்கிறது. கொடுத்துவிட்டோம் என்று வரித்துறைக்குச் சொல்லியாயிற்று, பசித்தவன் கைக்கு இன்னும் போகவில்லை. என் கணவருக்கு இதில் என்னோடு உடன்பாடு இல்லை. பணம் வளர்ந்தால் கொடையும் வளரும்தானே என்கிறார். வளரட்டும். தம்பி மகளின் செமஸ்டர் கட்டணம் வளரும் வரை காத்திருக்காது.

நான்காவது, கல்வி நிறுவனத்துக்கு முதலாகப் போடுவது. மெக்கார்ட்டியின் ஆறு நாணயம் போன வழி. கறுப்பினச் சமூகத்தில் இதற்கு ஆழமான வேர் உண்டு. டஸ்கீகி கல்லூரித் தலைவராக இருந்த ஃப்ரெடரிக் பேட்டர்சன் 1944-இல் கறுப்பினக் கல்லூரிகள் 27-ஐச் சேர்த்து, தனித்தனியாகக் கையேந்த வேண்டாம், ஒன்றாக வசூலிப்போம் என்று ஒரு நிதியம் தொடங்கினார். 2019-இல் ராபர்ட் ஸ்மித் என்ற தொழிலதிபர் மோர்ஹவுஸ் கல்லூரிப் பட்டமளிப்பு மேடையிலேயே, அந்த ஆண்டு முடித்த மாணவர்கள் அத்தனை பேரின் கல்விக் கடனையும் அடைப்பதாகச் சொன்னார். ஏறக்குறைய நானூறு பேர், 3.4 கோடி டாலர்.

நமக்கும் ஒன்று உண்டு. ஹார்வர்டில் தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் டாலர் வேண்டும் என்றபோது, 2015-இல் மருத்துவர்கள் விஜய் ஜானகிராமனும் திருஞானசம்பந்தமும் ஆளுக்கு ஐந்து லட்சம் டாலர் போட்டுத் தொடங்கி வைத்தார்கள். தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் கொடுத்தது. உலகம் முழுக்கப் பள்ளிப் பிள்ளைகள் உண்டியலை உடைத்தது வரை சேர்ந்து 2018-இல் இலக்கு நிறைந்தது. நாங்களும் 250 டாலர் கொடுத்தோம். பெருமையாகத்தான் இருந்தது. எங்கள் மகள் இப்போது கேட்கிறாள்: "உலகத்திலேயே பணக்காரப் பல்கலைக்கழகத்துக்கு எதுக்கும்மா நம்ம காசு?" கேள்வி நியாயமானது. தமிழ் அங்கே படிக்கப்படுவது முக்கியம் என்று நான் இன்னும் நம்புகிறேன். அதே நேரம், பெயர் கல்வெட்டில் நிற்கும் இடத்துக்குத்தான் நாம் எளிதாகக் கொடுக்கிறோம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. மெக்கார்ட்டி தேர்ந்தது புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தை அல்ல, தன் தெருவுக்குப் பக்கத்தில் இருந்ததை. அந்த வழியில் பார்த்தால் எங்கள் மாவட்டத்து இரண்டாண்டுக் கல்லூரிதான் வருகிறது. குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறும் பிள்ளைகள் அங்கே நிறைய. பஸ் பாஸுக்கும் புத்தகத்துக்கும் 500 டாலர் இல்லாமல் படிப்பை விட்டவர்களைப் பற்றி என் தோழியே சொல்லியிருக்கிறார். ஒரு நாணயம் அங்கே.

ஐந்தாவது வழியைப் பற்றித்தான் நான் அதிகம் எழுத நினைத்தேன். ஆங்கிலத்தில் கிவிங் சர்க்கிள் என்கிறார்கள். கொடை வட்டம் என்று சொல்லிக்கொள்கிறேன். பத்துப் பதினைந்து பேர் ஆளுக்குச் சமமாகப் போட்டு, உட்கார்ந்து பேசி, வாக்கெடுத்து, ஒன்றிரண்டு அமைப்புக்குச் சேர்த்துக் கொடுப்பது. ஏதோ புதுச் சங்கதி மாதிரி சொல்கிறார்கள். புதிதே அல்ல. 1787-இல் பிலடெல்பியாவில் கறுப்பினத்தவர்களான ரிச்சர்ட் ஆலனும் அப்சலோம் ஜோன்ஸும் தொடங்கிய சுதந்திர ஆப்பிரிக்கர் சங்கத்தில் உறுப்பினர் மாதம் ஒரு ஷில்லிங் வெள்ளிக்காசு போட வேண்டும். ஒரு வருடம் கட்டியவர் நொடித்துப்போனால் வாரம் 3 ஷில்லிங் 9 பென்ஸ் கிடைக்கும். அமெரிக்க அரசியல் சட்டம் எழுதி முடித்த அதே ஊர், அதே வருடம். 1793-இல் அந்த ஊரில் மஞ்சள் காய்ச்சல் பரவி வசதியுள்ளவர்கள் ஊரைவிட்டு ஓடியபோது, நோயாளிகளைப் பார்த்துக்கொண்டதும் பிணங்களை அடக்கம் செய்ததும் இந்தச் சங்கத்தார். கொரியர்கள் கே என்றும், கரீபியத் தீவினர் சூசூ என்றும் சொல்லும் சீட்டும் இதற்கு ஒன்றுவிட்ட உறவுதான்.

என் மனதை விட்டுப் போகாத வட்டம் இன்னொன்று. 1955 டிசம்பரில் அலபாமாவின் மான்ட்கோமெரியில், பேருந்தில் தங்களைப் பிரித்து உட்கார வைப்பதை எதிர்த்துக் கறுப்பினத்தவர் பேருந்துப் புறக்கணிப்பு தொடங்கினார்கள். 381 நாள் நடந்தது. மக்களை வேலைக்குக் கொண்டுபோய் விடக் கார்களும் பெட்ரோலும் வேண்டும். ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரப் பெண் மற்ற பெண்களைச் சேர்த்துக்கொண்டார். கோழி வறுவல், கேக், பை என்று வீட்டில் செய்து விற்று, வாராவாரம் கூட்டத்தில் பணத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். எங்கிருந்து வந்தது என்று கேட்டால் 'எங்கிருந்தும் இல்லை'. அதையே குழுவின் பெயராகவும் வைத்துவிட்டார்கள். அந்தப் பெண்களில் பலர் வெள்ளைக்காரர் வீட்டில் வேலை செய்தவர்கள். பெயர் வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். வாங்கிச் சாப்பிட்ட வெள்ளைக்காரர்களுக்கும் தெரியாது, தாங்கள் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்று.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஊர் மொய் விருந்து நினைவுக்கு வந்தது. ஆடி, ஆவணியில் பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் பந்தல் போட்டு ஆட்டுக்கறி விருந்து வைப்பார்கள். சாப்பிட்டுவிட்டு மொய் எழுதுவார்கள். நொடித்த குடும்பம் நிமிர்ந்துவிடும். யாரிடமும் கை நீட்டவில்லை, வட்டி கட்டவில்லை. அவர் விருந்து வைக்கும்போது நாம் கூடுதலாக எழுதித் திருப்ப வேண்டும், அவ்வளவுதான். எங்கள் அப்பாயி மொய் நோட்டைப் பூஜை அறையில் வைத்திருப்பார். கொடுத்தவர், வாங்கியவர் என்ற உயர்வு தாழ்வு அதில் கிடையாது. இன்று நீ, நாளை நான். ஒரு குறை மட்டும் உண்டு: மொய் எழுத வசதி இல்லாதவர் பந்தலுக்கே வர மாட்டார். கொடை வட்டத்தில் பணம் வெளியே போகிறது, திரும்பி வராது. அந்த ஒரு இடத்தில் வட்டம் மொய்யைவிட மேல்.

இன்றைக்கு அமெரிக்காவில் இப்படிச் சுமார் 4,000 குழுக்கள் இருக்கின்றன. 2017 முதல் 2023 வரை 310 கோடி டாலருக்கு மேல் கொடுத்திருக்கின்றன. கலிஃபோர்னியாவில் லத்தீன் அமெரிக்கர்களின் வட்டங்கள் 2012 முதல் பெருகி ஒரு வலையாகவே இருக்கின்றன. நியூயார்க்கில் ஆசியப் பெண்களின் வட்டம் ஒன்று 2005 முதல் நடக்கிறது. நமக்கு இது எளிது என்று நினைக்கிறேன். நாலு பேர் கூடி, சமைத்து, சாப்பிட்டு, வசூல் செய்வதை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டாம். பணத்தைவிட முக்கியமாக, உதவி கேட்கும் அமைப்பை நேரில் போய்ப் பார்த்து விசாரிக்க ஆட்கள் கிடைக்கிறார்கள். கஜாவில் நான் விட்ட தவறு, தெரிந்தவருக்கே கொடுத்தது. பன்னிரண்டு குடும்பம் உட்கார்ந்தால் பன்னிரண்டு பேருக்குத் தெரிந்த உலகம் மேசைக்கு வருகிறது.

தொல்லைகளும் உண்டு. நேரம் பிடிக்கும், வருடத்தில் நாலைந்து கூட்டமாவது போட வேண்டும். குரல் பெரிதாக இருப்பவர் சொன்னதே முடிவாகிவிடும் ஆபத்து இருக்கிறது. சீட்டுப் போட்டு எழுத்தில் வாக்கெடுப்பதுதான் மருந்து. நம்மவர்கள் என்பதால் இன்னொன்றும் சொல்லத்தான் வேண்டும்: வட்டம் ஒரே சாதி வட்டமாகச் சுருங்கிவிடக் கூடாது. அமெரிக்கா வந்தும் அது நடக்கிறது, பார்த்திருக்கிறேன். அப்புறம் வரி. வட்டம் சொந்தமாகப் பதிவு செய்ய வேண்டியதில்லை. பதிவு பெற்ற ஓர் அமைப்பின் குடையின் கீழ் இருந்தால் போதும். இங்கே ஒரு நுணுக்கம். பொது வரிக்கழிவு எடுப்பவர்களுக்கும் 2026 முதல் கொடைக்குத் தனியாகக் கழிவு கிடைக்கிறது: தனியாளுக்கு 1,000, தம்பதிக்கு 2,000 டாலர் வரை, பங்காக இல்லாமல் பணமாகக் கொடுத்ததற்கு. டோனர் அட்வைஸ்டு ஃபண்டில் போட்டால் இந்தச் சலுகை இல்லை. பல வட்டங்களின் பணத்தைக் குடை அமைப்பு அப்படிப்பட்ட கணக்கில்தான் வைத்திருக்கும். சேரும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கொடுப்பதன் காரணத்தைப் பற்றியும் வீட்டில் நிறையப் பேசினோம். கறுப்பினப் பெண்கள் சங்கங்கள் 1896-இல் ஒரே கூட்டமைப்பாகச் சேர்ந்தபோது வைத்துக்கொண்ட முழக்கம், 'ஏறும்போதே தூக்கிவிடுவோம்'. ஏறி முடித்த பிறகு என்று சொல்லவில்லை. சோக்டா பூர்வகுடிகள் 1847-இல் அயர்லாந்துப் பஞ்சத்துக்கு 170 டாலர் அனுப்பினார்கள். தங்கள் மண்ணிலிருந்து துரத்தப்பட்டு, வழியில் ஆயிரக்கணக்கானோரைப் பறிகொடுத்துப் பதினாறு வருடம்கூட நிறையாத நேரம். அவர்களிடம் மிச்சம் என்று எதுவும் இருந்திருக்காது. பசி என்ன என்பது மட்டும் தெரியும். 2020-இல் கொரோனா நவஹோ, ஹோபி பூர்வகுடி மக்களை வாட்டியபோது அயர்லாந்துக்காரர்கள் இதைச் சொல்லியே பணம் அனுப்பினார்கள், 173 வருடம் கழித்து. "இதுவும் மொய்தான்" என்றார் என் கணவர்.

இரண்டாவது ஞாயிறு மாலை நாணயங்கள் இப்படி நின்றன. உறவுக்கு நான்கு. ஊர்ப் பள்ளிக்கு ஒன்று, என் கணக்கிலிருந்து. கோயில் அன்னதானத்துக்கு ஒன்று. மாவட்டக் கல்லூரிக்கு ஒன்று. வட்டத்துக்கு இரண்டு. டோனர் அட்வைஸ்டு ஃபண்டுக்கு ஒன்றும் இல்லை. பங்கு விற்கும் நிலை வந்தால் அப்போது திரும்பப் பேசுவோம் என்று கணவருக்கு ஒப்புக்கொண்டிருக்கிறேன். கடைசி நாணயத்தை மகள் எங்கும் வைக்க விடவில்லை. ராத்திரி போன் வந்தால் வேண்டும் என்று அதை எடுத்துச் சமையலறை டப்பாவில் போட்டுவிட்டாள்.

கோயில், கல்லூரி, வட்டம் மூன்றும் சேர்ந்தால் சரியாக 2,000 டாலர். அடுத்த முறை அந்தக் கட்டத்தில் பூஜ்யம் வராது. வட்டத்துக்குப் பன்னிரண்டு குடும்பம் சேர்ந்திருக்கிறது. அதில் மூன்று தமிழ் அல்லாத குடும்பம். ஒன்று என் தோழியுடையது. முதல் கூட்டம் அடுத்த சனிக்கிழமை எங்கள் வீட்டில். கறிக்குழம்பு நான், கேக் அவர்.